தெருவிளக்கு வெளிச்சம் வரமா, தொல்லையா? எங்கள் நகரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் நகர் கடலூர் கூத்தப்பாக்கத்தில் இருக்கிறது. நாற்பத்திரண்டு வீடு, பதினோரு கம்பம். குடியிருப்போர் சங்கத்தில் எனக்குப் பேருக்குச் செயலாளர் பதவி, வேலை என்னவோ புகார் கேட்பதுதான். போன ஐப்பசியில் பழைய ட்யூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் ஒரே விளக்கைப் பற்றிப் பேச இரண்டு பேர் வந்தார்கள். "இப்பத்தான் சார் தெரு தெருவா இருக்கு" என்றார் நான்காவது கம்பத்துக்குக் கிழக்கே இருப்பவர். மேற்கே இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார், "தம்பி, என் கட்டில்ல சூரியன் வந்து படுத்திருக்கு, அதைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போ" என்றார். அதற்குப் பிறகு டீக்கடையிலும் வாட்ஸாப் குழுவிலும் என்னிடம் கேட்ட கேள்விகளும், முதலில் தப்பாகச் சொல்லி அப்புறம் படித்துத் திருத்திக்கொண்ட என் பதில்களும் இவை.

ஒரே விளக்கு எப்படி ஒருவருக்கு வசதி, இன்னொருவருக்குத் தொல்லை?

கம்பத்திலிருந்து தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பைப்பைப் பாருங்கள். நுனி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். ட்யூப் லைட் காலத்தில் அதனால் பெரிய பாதகமில்லை. நாலடி நீளக் குழாயிலிருந்து வெளிச்சம் மெத்தென்று பரவியது, கண்ணைக் குத்தவில்லை. எல்.இ.டி. அப்படி இல்லை. உள்ளங்கையளவு இடத்திலிருந்து அத்தனை வெளிச்சமும் பீறிட்டு வருகிறது. சாய்ந்த பைப்பிலேயே அதையும் செருகிவிட்டால் ஒரு பங்கு வெளிச்சம் சாலையைத் தாண்டி எதிர்வீட்டு மாடி ஜன்னலுக்குப் போய்விடும். கிழக்கு வீடு தாழ்ந்த ஓட்டுவீடு, வாத்தியார் வீடு மாடிவீடு. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

அன்று இரவே நான் ஒரு சோதனை செய்து பார்த்தேன். நீங்களும் செய்யலாம், காசு செலவில்லை. கம்பத்திலிருந்து இருபது முப்பது அடி தள்ளி நின்று, கையை நீட்டிக் கட்டைவிரலால் விளக்கை மறையுங்கள். மறைத்த பிறகு தெரு முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தால் அந்த விளக்கு தவறாக மாட்டப்பட்டிருக்கிறது. நான்காவது கம்பத்தில் விரலால் மறைத்ததும்தான் வேலி ஓரத்தில் படுத்திருந்த கறுப்பு நாய் எனக்குத் தெரிந்தது. அதுவரை அது அங்கே இருப்பதே தெரியவில்லை, அத்தனை வெளிச்சத்திலும்.

வெளிச்சம் கூடக் கூட நன்றாகத்தானே தெரிய வேண்டும்?

ஓர் அளவு வரைக்கும்தான். கண்ணின் பாப்பா தெருவில் எது மிகப் பளிச்சென்று இருக்கிறதோ அதற்கேற்பச் சுருங்கிக்கொள்ளும். கூசும் விளக்கு ஒன்று கண்ணெதிரே இருந்தால் அதன் பக்கத்து நிழல் இன்னும் இருட்டாகத் தெரியும். இருட்டுக்குப் பழகிய கண் ஒருமுறை கூசிவிட்டால் முழுதாகத் திரும்ப அரைமணி நேரம் வரை ஆகும். வயதானவர்களுக்கு இது இன்னும் மோசம். கண்புரை தொடங்கிய கண்ணுக்குள் வெளிச்சம் சிதறும். எதிரே ஒரு விளக்கு இருந்தாலே காட்சி முழுக்கப் பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும். வாத்தியாருக்கு வயது எழுபத்து நான்கு.

அளவு எவ்வளவு என்று கேட்டால், ஐ.எஸ். 1944 என்ற எண் கொண்ட இந்தியத் தரநிலை, போக்குவரத்து குறைந்த சாலைக்குச் சராசரி 4 லக்ஸ் போதும் என்கிறது. லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு. நல்ல பௌர்ணமி நிலவு அரை லக்ஸைக்கூடத் தொடாது. அப்படியென்றால் 4 லக்ஸ் என்பது நிலவைப் போலப் பல மடங்கு. நம் தெருவில் குறைவது வெளிச்சத்தின் அளவல்ல. கம்பத்தடியில் கொட்டிக் கிடக்கிறது, இரண்டு கம்பங்களுக்கு நடுவே இருட்டுக் குழி.

விளக்கு இருந்தால் திருட்டு குறையுமா?

இந்தக் கேள்விக்கு "சந்தேகமே இல்லை" என்று நான் பல வருடம் பதில் சொன்னவன். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

நியூயார்க்கில் 2016-ல் அரசுக் குடியிருப்பு வளாகங்கள் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, பெரிய கோபுர விளக்குகளை வைத்துப் பார்த்தார்கள். இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுங்குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. இது ஒரு பக்கம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிகள் செலவைக் குறைக்க விளக்கைப் பாதி இரவில் அணைத்தன, சில மங்கலாக்கின, சில அடியோடு நிறுத்தின. அந்தக் கணக்கையெல்லாம் கூட்டிப் பார்த்து 2015-ல் வெளியிட்ட ஆய்வு, அதனால் குற்றமோ சாலை விபத்தோ கூடியதாகத் தெரியவில்லை என்றது. அதற்கும் முன்பு சிகாகோவில் சந்துகளுக்கெல்லாம் விளக்கைப் பிரகாசமாக்கினார்கள். குற்றப் புகார்கள் குறையவில்லை, கூடின. வெளிச்சத்தில் கண்ணுக்குப் பட்டதால் புகார் கூடியதா, குற்றமே கூடியதா என்று இன்றும் வாதம் நடக்கிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: வெளிச்சம் இருக்கும் இடத்தில் பார்க்க ஓர் ஆள் இருந்தால்தான் அதற்கு வேலை. ஆளே நடமாடாத கடைசி மனைப்பிரிவில் நாலு விளக்கு போட்டால் பூட்டை உடைப்பவனுக்கு டார்ச் மிச்சம். எங்கள் நகரில் நடந்த இரண்டு சங்கிலிப் பறிப்பும் காலை ஆறரை மணிக்கு நடந்தவை, சூரிய வெளிச்சத்தில். வீடு புகுந்த ஒரே திருட்டு, வீட்டுக்காரர்கள் ஒரு வாரம் சிதம்பரம் போயிருந்தபோது நடந்தது. எதிரே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வாசலில் நாலு நாள் பால் பாக்கெட்டும் பேப்பரும் கிடந்ததை அந்த வெளிச்சம் நன்றாகக் காட்டிக்கொடுத்தது.

அப்போது பெண்களின் பாதுகாப்பு?

அதைத் திருட்டுக் கணக்கோடு சேர்க்கக் கூடாது. ட்யூஷன் முடிந்து எட்டரை மணிக்கு வரும் பெண் பிள்ளைகள் எந்தச் சந்து வழியாக வருகிறார்கள், எதை விட்டுச் சுற்றி வருகிறார்கள் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். எங்கள் நகருக்குப் பின்வழி ஒன்று உண்டு, நடந்தால் நாலு நிமிடம். மூன்று மாதம் அங்கே விளக்கு எரியாமல் இருந்தபோது அத்தனை பிள்ளைகளும் மெயின் ரோடு சுற்றி, லாரிக்கு நடுவே, பன்னிரண்டு நிமிடம் நடந்தார்கள். அந்த வழியில் குற்றம் எதுவும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்பதற்காக விளக்கு தேவையில்லை என்று ஆகிவிடுமா? பயமில்லாமல் நடப்பதே ஒரு பயன். விளக்கு எரிந்த மறுநாள் சைக்கிள்கள் திரும்பி வந்தன.

துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போகும் அக்காக்கள் விடியற்காலை மூன்று மூன்றரைக்குக் கிளம்புகிறார்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து வருபவர்களும் உண்டு. "பன்னிரண்டு மணிக்கு மேல் தெருவில் யாருக்கு என்ன வேலை" என்று கேட்பவர்கள் இவர்களைப் பார்த்ததில்லை, தூங்கிக்கொண்டிருப்பதால்.

வேறு என்ன நன்மை? விபத்து?

நடந்து போகிறவர்களுக்கு நிச்சயமாக நன்மை. நம் ஊரில் நடைபாதை கிடையாது. வேகத்தடையில் பெயின்ட் இருக்காது. பாதாளச் சாக்கடை மூடி சாலை மட்டத்துக்கு மேலேயோ கீழேயோதான் இருக்கும். மழை விட்ட ராத்திரி, தார் சூடாக இருக்கிறது என்று மாடுகள் சாலை நடுவே படுத்துக்கொள்ளும். கறுப்பு மாடு, கறுப்புச் சாலை. அப்புறம் பாம்பு. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. காலி மனைகளில் புல் மண்டிக் கிடக்கும் புதுக் குடியிருப்புகளில் ஒரு விளக்கு செய்யும் உதவி சின்னதல்ல.

தானே புயலை இங்கே யாரும் மறக்கவில்லை. 2011 டிசம்பர் 30 காலை அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. எங்கள் தெருவுக்குக் கரன்ட் வரப் பதினேழு நாள் ஆனது. மூன்றாம் நாள் இரவு மொட்டைமாடியில் என் மகன் வானத்தைக் காட்டி, "அப்பா, அங்க மட்டும் மேகம் நகரவே மாட்டேங்குது" என்றான். பால்வெளி அது. கடலூருக்குள் நின்று நான் அதைப் பார்த்தது அந்த ஒருமுறைதான். அதே வாரம், அதே இருட்டில், என் பெரியம்மா விழுந்து கிடந்த தென்னை மட்டையில் கால் தடுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். இருட்டைப் பற்றி யாராவது ரொம்பக் கவிதையாகப் பேசினால் எனக்கு அந்தக் கட்டுப்போட்ட கைதான் ஞாபகம் வரும்.

வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்குமா? புற்றுநோய் வரும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்களே?

தூக்கம் கெடும், அது நிச்சயம். இருட்டினால்தான் மூளை மெலடோனின் என்ற சுரப்பை வெளியிடும். உடம்புக்கு ராத்திரி ஆகிவிட்டது என்று அதுதான் சொல்லும். கண்ணில் வெளிச்சம் பட்டால், அதிலும் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் பட்டால், அது குறையும். 2016-ல் அமெரிக்க மருத்துவர் சங்கம், தெருவிளக்குகளின் நிறம் 3000 கெல்வினுக்கு (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அலகு) மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

புற்றுநோய் பற்றிய பேச்சு வேறு இடத்திலிருந்து வந்தது. பல வருடம் இரவு ஷிப்ட் பார்ப்பதைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-ல் சேர்த்தது. அது ராத்திரி முழுக்க விழித்து வேலை செய்பவர்களைப் பற்றியது. ஜன்னல் வழியாக விழும் தெருவிளக்குக்கு அதை அப்படியே ஒட்டவைத்துப் பயமுறுத்துவது நியாயமில்லை.

திரை போட்டுக்கொண்டால் தீர்ந்தது, இதற்கு எதற்கு இவ்வளவு பேச்சு?

இது ஏ.சி. வைத்திருப்பவர் சொல்லும் யோசனை. சித்திரை, வைகாசியில் கடலூரில் கடல்காற்று மட்டுமே ஏ.சி. என்று இருக்கும் வீடுகள் எத்தனையோ. தடித்த திரையைப் போட்டால் வெளிச்சத்தோடு காற்றும் நின்றுவிடும். திண்ணையிலும் மொட்டைமாடியிலும் படுப்பவருக்கு எங்கே திரை மாட்டுவது?

வெள்ளை விளக்கா, மஞ்சள் விளக்கா?

கடைக்காரர் "கூல் ஒயிட்" என்று சொல்வது 6000 கெல்வின் பக்கம் இருக்கும். "வார்ம் ஒயிட்" 3000. பழைய சோடியம் விளக்கின் ஆரஞ்சு நிறம் 2000 சொச்சம். எண் ஏறினால் நீலம் ஏறும். நீலம் காற்றில் அதிகம் சிதறும், வயதான கண்ணுக்குள்ளும் அதிகம் சிதறும். சோடியம் விளக்கில் நிறமே தெரியாது, சிவப்புப் புடவையும் பழுப்புப் புடவையும் ஒன்றுதான். அதனால் வெள்ளைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் 3000 கெல்வினிலேயே நிறம் நன்றாகத் தெரியும். குடியிருப்புத் தெருவுக்கு அதுவே போதும் என்பது என் கட்சி. குழுவில் பாதிப் பேருக்கு இன்னும் உடன்பாடில்லை. வெள்ளையாக இருந்தால்தான் "புது லைட்" என்கிறார்கள்.

மார்கழியில் இன்னொன்று பார்த்தேன். மூன்றாவது வீட்டு அம்மா நாலரை மணிக்குப் புள்ளி வைப்பார். ட்யூப் லைட்டின் கீழே எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பிரச்சினை இல்லை, நிழல் கலங்கலாக இருக்கும். இந்த வருடம் அவருடைய நிழலே கத்தரித்து வைத்த மாதிரி கறுப்பாகப் புள்ளியின் மேல் விழுந்தது. இரண்டு நாள் வரிசை தப்பியது. மூன்றாம் நாளிலிருந்து விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து கோலம் போட்டார். "கண்ணு கூசுது, ஆனா புள்ளி தெரியுது" என்றார்.

தெருவிளக்கால் கொசு வருமா?

ஈசல் வரும், வண்டு வரும், அவற்றைத் தின்னப் பல்லியும் தேரையும் வரும். கொசு வருவது நம் மூச்சுக்காற்றையும் உடல் வாசனையையும் தேடி. விளக்கை அணைத்தால் கொசு போகாது, சாக்கடையைத் தள்ளினால் போகும். ஆனால் ராத்திரி முழுக்க விளக்கைச் சுற்றிச் சுற்றியே செத்துப்போகும் பூச்சிகளில் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோகும் அந்துப்பூச்சிகளும் உண்டு. மின்மினி மினுக்கித்தான் துணை தேடும். வெளிச்சத்தில் ஒன்றின் மினுக்கல் இன்னொன்றுக்குத் தெரியாது.

கடற்கரை விளக்குகளை அணைக்கச் சொல்கிறார்களே, ஆமைக்காகவா?

ஆமாம், அதில் விளையாட்டு இல்லை. பங்குனி ஆமை என்று நம் மீனவர்கள் சொல்லும் ஆலிவ் ரிட்லி ஆமை தை, மாசி, பங்குனியில் நம் கரைக்கு வந்து மணலில் குழி தோண்டி நூறு முட்டை அளவில் இடும். நாற்பத்தைந்திலிருந்து அறுபது நாளில் குஞ்சு பொரியும். பெரும்பாலும் இரவில்தான் மணலை விட்டு மேலே வரும். வந்ததும் எந்தப் பக்கம் வானம் தாழ வெளுத்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். ஆயிரமாயிரம் வருடமாக அந்தப் பக்கம் கடல்தான், நட்சத்திர ஒளி நீரில் பட்டு வெளுத்துத் தெரியும். கரைப்பக்கம் மணல்மேடும் தாழையும் கறுப்பாக நிற்கும். இப்போது கரைப்பக்கத்தில் ஹைமாஸ்ட் என்னும் உயரக் கம்பத்து விளக்கு எரிகிறது. குஞ்சு சாலையைப் பார்த்து ஓடுகிறது. காலையில் நாயும் காக்கையும் முடித்துவிடும்.

தேவனாம்பட்டினம் எங்களுக்குச் சைக்கிளில் போகும் தூரம். அங்கிருக்கும் சில்வர் பீச்சில் மாலைக் கூட்டம் இருக்கிற வரையில் விளக்கு வேண்டும்தான். கூட்டம் கலைந்த பிறகு, குஞ்சு பொரிக்கும் மாதங்களில், கடலைப் பார்த்த விளக்கை அணைப்பதில் யாருக்கு நஷ்டம்? அணைக்க முடியாத இடத்தில் சாலைப்பக்கம் திருப்பி மூடி போடலாம், செம்மஞ்சள் நிறத்துக்கு மாற்றலாம். அந்த நிறம் குஞ்சுகளை அவ்வளவாக ஈர்ப்பதில்லை. வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. ஆனால் எல்லா முட்டையும் அவர்கள் கண்ணில் படுவதில்லையே.

வயலோரத்தில் விளக்கு வைத்தால் நெல் பூக்காது என்கிறார்கள். நிஜமா?

நிஜம், எல்லா ரகத்துக்கும் இல்லை. சம்பா பட்டத்துப் பழைய ரகங்கள் பல, ராத்திரி நீள்வதைக் கணக்கு வைத்துத்தான் கதிர் தள்ளும். விளக்கின் கீழே இருக்கும் பயிருக்கு ராத்திரி வருவதே இல்லை, அதனால் பச்சையாகவே நிற்கும், பக்கத்துப் பயிர் அறுப்புக்குத் தயாராகும்போதும். சாமந்தி போடுபவர்கள் இதே தந்திரத்தை வேண்டுமென்றே செய்து, தோட்டத்தில் பல்ப் கட்டிப் பூவைத் தள்ளிப்போடுவார்கள்.

பாதி ராத்திரிக்கு மேல் அணைத்துவிட்டால் என்ன?

பிரான்ஸில் ஆயிரக்கணக்கான ஊர்கள் நள்ளிரவுக்கு மேல் தெருவிளக்கை அணைக்கின்றன. 2013-லிருந்து கடைக் கண்ணாடி விளக்குகளை இரவு ஒரு மணிக்குள் அணைக்க வேண்டும் என்று அங்கே விதியே இருக்கிறது. பக்கத்துப் பாண்டிச்சேரியை 1954 வரை ஆண்டவர்கள். பாண்டிக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஆனால் அந்த ஊர்ச் சாலையில் பள்ளம் இல்லை, மாடு படுப்பதில்லை. இங்கே அடியோடு அணைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மங்கலாக்கலாம். எல்.இ.டி.யில் பதினொன்றரைக்கு மேல் தானாகவே பாதியாகக் குறையும்படி வைக்க முடியும், அதற்கான டிரைவர், அதாவது விளக்குக்குக் கரன்டை அளந்து கொடுக்கும் பெட்டி, வாங்கினால் போதும். வெளிச்சம் பாதியானால் நம் கண்ணுக்குப் பாதியாகத் தோன்றாது, கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பல பேர் கவனிக்கவே மாட்டார்கள்.

கரன்ட் செலவு எவ்வளவு? யார் கட்டுகிறார்கள்?

உள்ளாட்சிதான் மின்வாரியத்துக்குக் கட்டுகிறது, அதாவது நம் வரிப்பணம். எங்கள் நகர்க் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பதினோரு ட்யூப் லைட், சோக்கோடு சேர்த்து ஒன்றுக்கு 52 வாட் என்று வைத்தால், பன்னிரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 7 யூனிட். இப்போது 20 வாட் எல்.இ.டி., 2.64 யூனிட். மிச்சம் நல்ல மிச்சம். ஆனால் காலை பத்து மணிக்கும் எரிந்துகொண்டிருக்கும் தெருக்களைப் பார்க்கிறோமே, இருபத்து நாலு மணி நேரமும் எரிந்தால் அது 5.28 ஆகிவிடும். பக்கத்தில் நெய்வேலியில் பூமியைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரி எடுத்து எரித்து வரும் கரன்டை வெயிலுக்கு வெளிச்சம் காட்டச் செலவழிக்கிறோம்.

சோலார் விளக்கு?

புயலில் கம்பி அறுந்தாலும் எரியும், அந்த ஒரு காரணத்துக்காகவே நகருக்குக் குறைந்தது இரண்டு வேண்டும். மற்றபடி பேட்டரி சில வருடத்தில் சாகும், தகட்டை யாரும் துடைக்க மாட்டார்கள், கடலோரத்தில் உப்புக்காற்று நட்டு போல்ட்டைத் தின்றுவிடும்.

விளக்கு எரியவில்லை. யாரிடம் சொல்வது?

முதலில் ஒன்று மட்டும் எரியவில்லையா, வரிசையாக எரியவில்லையா என்று பாருங்கள். கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையவை, விளக்கு உள்ளாட்சியுடையது. ஒன்று மட்டும் போயிருந்தால் விளக்குக் கோளாறு, எல்.இ.டி. பெரும்பாலும் சாகாது, இடியிலோ கரன்ட் ஏறி இறங்குவதிலோ டிரைவர்தான் போகும். இதற்கு மாநகராட்சியில் சொல்ல வேண்டும். வீடுகளில் கரன்ட் இருந்தும் தெரு முழுக்க விளக்கு இல்லையென்றால் தெருவிளக்குக்கென்று தனியாகப் போகும் கம்பியிலோ, அதன் ஸ்விட்ச் பெட்டியிலோ, பீஸிலோ கோளாறு. அதற்கு இரண்டு பக்கமும் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் "அவங்க வேலை" என்று பந்து அங்கும் இங்கும் போகும். புகாரில் கம்பத்து எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். "பிள்ளையார் கோயில் பக்கத்து லைட்" என்று எழுதினால் கடலூரில் எத்தனை பிள்ளையார் கோயில்!

புகார் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். எங்கள் ஏழாவது கம்பம் எரியவில்லை என்று நாலு புகார் போனது. எரிந்துகொண்டுதான் இருந்தது, பாதாம் மரத்துக்குள்ளே. கிளையை வெட்ட அரிவாளோடு நீங்களே ஏறாதீர்கள்.

மழைக்காலத்தில் கம்பத்தைத் தொட்டால் ஷாக் அடிக்குமா?

அடிக்கலாம். இரும்புக் கம்பத்தில் கொடி கட்டுவது, ஆடு மாடு கட்டுவது, சீரியல் செட் சுற்றுவது எதுவும் வேண்டாம். தண்ணீர் தேங்கிய தெருவில் கம்பத்தை ஒட்டி நடக்காதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை பெருகி வந்தபோது எங்கள் குழுவில் நான் நாளுக்கு இரண்டு முறை இதையே போட்டேன், எல்லோரும் என்னைத் திட்டினார்கள். கம்பி அறுந்து கிடந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, எந்த நேரமும் எடுப்பார்கள்.

எதிர்வீட்டுக்காரர் தன் வாசலில் போட்டிருக்கும் ஃபோகஸ் லைட்டுக்கும் தெருவிளக்குக்கும் என்ன வித்தியாசம்?

அவருடையது மோசம். தெருவிளக்கைப் பற்றி வரும் புகார்களில் பாதி உண்மையில் வீட்டு விளக்கைப் பற்றியது. ஐம்பது வாட் ஃபோகஸை நேராக எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துத் திருகிவிட்டு, பாதுகாப்புக்கு என்பார்கள். சத்தத்துக்கு நாடு முழுக்க 2000-லிருந்து விதிகள் உண்டு, அடுத்தவர் வீட்டுக்குள் விழும் வெளிச்சத்துக்கு அப்படி ஒன்று இல்லை. ஆகவே பேசித்தான் தீர்க்க வேண்டும். "அண்ணே, கொஞ்சம் கீழ பாத்த மாதிரி திருப்பிவிடுங்க, உங்க வாசல்தான் இன்னும் நல்லாத் தெரியும்" என்று சொல்லிப் பாருங்கள். அணைக்கச் சொன்னால் சண்டை, திருப்பச் சொன்னால் காபி. ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார் விளக்கும் கிடைக்கிறது. திருடனுக்கு அதுதான் பிடிக்காது.

கடைசியில் வாத்தியார் வீட்டு விளக்கு என்ன ஆயிற்று?

ஏணி வண்டி வந்த அன்று விளக்கைக் கழற்றச் சொல்லவில்லை, பைப்பைத் தணித்து விளக்கு தரையைப் பார்க்கும்படி வைக்கச் சொன்னோம். வந்த தம்பி ஸ்பானர் எடுத்துப் பத்து நிமிடத்தில் முடித்தார். கிழக்கு வீட்டுக்காரர் மறுநாளே, "என்ன சார், வெளிச்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு" என்றார். கட்டைவிரல் சோதனை செய்து காட்டினேன். நாயும் தெரிந்தது, அதற்குப் பின்னால் இருந்த சாக்கடைப் பலகையும் தெரிந்தது. "சரி, சரி" என்று போனார்.

வாத்தியார் இப்போது ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறார். ஒன்பதாவது கம்பம் மட்டும் இன்னும் வானத்தைப் பார்த்தபடிதான் இருக்கிறது. அன்று அதன் கீழே யாரோ காரை நிறுத்திவிட்டு ஊருக்குப் போயிருந்தார்கள், ஏணி வண்டி உள்ளே போக முடியவில்லை. அடுத்த முறை வண்டி வரும் நாளை முன்கூட்டியே குழுவில் போடுகிறேன், தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.